ஜாமுக்கு வாங்கின சான்றிதழ்

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கம்மா. எனக்கு இந்த மலை வளைவுகளைப் பார்த்தால் தலை சுற்றும். நாற்பது வருஷமாகக் கொடைக்கானலில் இருந்து இறங்குகிறேன், ஏறுகிறேன், இன்னும் பழகவில்லை. திண்டுக்கல் வரைக்கும்தானே? நானும் அங்கேதான். முதலில் வக்கீல், அப்புறம் மதுவிலக்கு போலீஸ் ஆபீஸ். பயப்படாதீர்கள், நான் ஒன்றும் செய்யவில்லை. என் மருமகள்தான் உள்ளே இருக்கிறாள். இன்றைக்குப் பதினாறாவது நாள்.

விண்ணரசி என்று பெயர். உங்கள் வயதுதான் இருக்கும். பி.காம். படித்தவள். நான் ஆறாம் வகுப்போடு சரி. அவளைக் குறை சொல்வதற்காக இதை ஆரம்பிக்கவில்லை. யாரையும் குறை சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்கு வருவாள். ஆனால் வீட்டில் ஜெபமாலைக்கு உட்கார்ந்தால் முதல் பத்து முடிவதற்குள் எழுந்துவிடுவாள். அடுப்பில் அது இருக்கிறது, இது இருக்கிறது என்பாள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுவேன்.

எங்களுக்கு ஜாம் தொழில். பிளம்ஸ், பேரிக்காய், மலைத் தக்காளி. என் மகன் பெர்னார்டு ஒரு ஓட்டலில் எலக்ட்ரீசியன். அவன் சம்பளத்தோடு இதுவும் சேர்ந்துதான் வண்டி ஓடியது. விண்ணரசி வந்த பிறகுதான் ஜாமுக்குச் சான்றிதழ் வந்தது. அவளே கம்ப்யூட்டரில் எழுதிப்போட்டு, உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்கு நடந்து, அவள் பெயரிலேயே வாங்கினாள். பதினாலு இலக்க நம்பர். அந்த நம்பரையும் அவள் பெயரையும் போட்டு வத்தலக்குண்டு பிரஸ்ஸில் லேபிள் அடித்துக்கொண்டு வந்தாள். அழகான லேபிள். ஓரத்தில் ரோஜாக்கொடி போட்டிருக்கும். சர்க்காரே நம்பர் கொடுத்த வீடு என்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

ஒயின் விஷயத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. கேக்கோடு ஒரு சின்னத் தம்ளர். அதில் ஒன்றும் இல்லை. ஏரிக்கரையில் தைலமும் சாக்லேட்டும் விற்கிற ரத்தினவேல் எங்கள் ஜாமை எடுப்பவர். ஒரு வருஷம் வீட்டுக்கு வந்தவருக்கு அதில் ஒரு தம்ளர் கொடுத்தேன். அதோடு பிடித்துக்கொண்டார்.

"ஜாம் யாருக்கும்மா வேணும்? வர்றவன் எல்லாம் ஹோம்மேட் ஒயின் இருக்கான்னுதான் கேக்கறான். நீங்க குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. வருஷத்துக்கு ஒரு ஜாடி போட்டது மூன்று ஜாடி ஆயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். நான் அதை நாக்கில் வைத்ததில்லை. ஒரு சொட்டு வைத்ததில்லை. என் வீட்டுக்காரர் சாராயத்தால் போனவர். மஞ்சள் பூத்த கண்ணோடு அவர் கிடந்தபோதே வேளாங்கண்ணி மாதாவுக்குப் பொருத்தனை வைத்தேன், இந்த ஜென்மத்தில் மது என் நாக்கில் படாது என்று. இருபத்தாறு வருஷமாகக் காப்பாற்றுகிறேன். பழத்தை நசுக்குவேன், சர்க்கரை கோதுமை ஈஸ்ட் போடுவேன், வெள்ளைத் துணியால் வாய் கட்டுவேன், தினமும் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறுவேன். கிளறும்போது பத்து அருள் நிறைந்த மரியே. இருபத்தொரு நாள் கழித்து வடிகட்டி, இன்னும் இருபத்தொரு நாள் தெளிய விடுவேன். ஆனால் ருசி பார்க்க மாட்டேன். அது விண்ணரசி வேலை. கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "ஆயிடுச்சு அத்தை" என்பாள். அல்லது, "இன்னும் நாக்குல சுறுசுறுங்குது, உள்ள வேலை நடக்குது, விடுங்க" என்பாள். அவள் சொன்ன பிறகுதான் பாட்டில்.

போன மார்ச் மாதம் அவளுக்கு என்ன தோன்றியதோ, என்னிடம்கூடச் சொல்லாமல் திண்டுக்கல் போய் மதுவிலக்கு ஆபீசில் விசாரித்துவிட்டு வந்துவிட்டாள். வந்த கையோடு சொன்னாள்.

"அத்தை, விக்கிறதுக்கு மட்டும் இல்ல. செய்யறதுக்கே அனுமதி வேணுமாம். அதுவும் நம்மள மாதிரி அடுப்படியில செய்யறவங்களுக்குக் கெடைக்காதாம். கம்பெனி வெச்சு, எடம் காட்டி, வரி கட்டறவங்களுக்குத்தானாம்."

"நமக்குத்தான் சர்ட்டிபிகேட் இருக்கே."

"அது ஜாமுக்கு அத்தை. ஜாம், ஊறுகாய், ஸ்குவாஷ். ஒயின்னு ஒரு எழுத்து அதுல கெடையாது."

"அதுவும் பழத்துலதானே செய்யறோம்?"

"போலீஸ்காரங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. சிரிப்பாங்க. சிரிச்சுட்டு வண்டியில ஏத்துவாங்க."

"பூசையில சாமியார் வைக்கிறாரே, அது என்னவாம்?"

"அதுக்கு பிஷப்போட மேற்றிராசனத்துல முறைப்படி அனுமதி வாங்கி வைக்கிறாங்க. நீங்க ஏரிக்கரையில பூசையா வைக்கிறீங்க?"

வாய் அப்படித்தான். கேலியாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் சுருக்கென்றது. இந்த வருஷம் ஜாடி போட வேண்டாம் அத்தை, கையைப் பிடித்துக் கேட்கிறேன் என்றாள். நிஜமாகவே கையைப் பிடித்தாள். நான் சரி என்றேன். பெரியவர்கள் சரி என்பது சண்டை வேண்டாம் என்று சொல்வது. அதைப் போய் வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டாள்.

மே மாதம் பத்தாம் தேதி ஜாடி போட்டேன். பின்னால் விறகு அறையில், கோணிப்பையால் மூடி. மறைக்கவில்லை. குளிர் படக் கூடாது, அதற்காக.

பிளம்ஸ் இந்தத் தடவை அவ்வளவு இனிப்பு. ரத்தினவேல் இரண்டு நாளைக்கு ஒருமுறை போன். சீசன் முடியப்போகிறது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் ஒரு ஆள் வர மாட்டான், எப்போது கொடுப்பீர்கள் என்று. தக்கை மூடி வேண்டாம், போன வருஷம் கார் சீட்டில் எல்லாம் ஒழுகிவிட்டதாகச் சண்டைக்கு வந்தார்கள் என்று சொல்லி, சோடா பாட்டில் மாதிரி தகர மூடி அழுத்துகிற மெஷின் ஒன்றையும் கொடுத்துவிட்டார்.

பதினெட்டாவது நாளோ என்னவோ, விறகு எடுக்கப் போன விண்ணரசி கண்டுபிடித்துவிட்டாள். கத்தவில்லை. ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அத்தை, இது முள்ளு மாதிரி குத்துது. இன்னும் பாதிகூட ஆகல. இதை மட்டும் மூடி வெச்சிடாதீங்க, வெடிச்சிடும். நான் ஊருக்குப் போயிட்டு வந்து என்ன பண்ணலாம்னு பாக்கறேன். துணியை மட்டும் கட்டி விட்டுடுங்க."

அவள் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம். முப்பதாம் தேதி தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். திரும்பி வந்தது ஜூன் மூன்று. அந்த நாலு நாள் அவள் வீட்டில் இருந்திருந்தால் என் கையைப் பிடித்துத் தடுத்திருப்பாள். போய்விட்டாளே. நான் குறையாகச் சொல்லவில்லை.

மே முப்பத்தொன்று மாதா வணக்க மாதம் முடிகிற நாள். மாலையில் தேர்ப்பவனி. எனக்கு மனசில் பட்டது, மாதாவுக்கு உகந்த நாளில் முடித்தால் ஒரு குறையும் வராது என்று. வடிகட்டி, தெளியவிடாமல் அன்றைக்கே பாட்டில் போட்டேன். பெர்னார்டு லீவு போட்டுவிட்டு மூடி அழுத்திக் கொடுத்தான். அறுபத்து நாலு பாட்டில். ஒவ்வொரு மூடிக்கும் ஒரு சிலுவை வரைந்தேன்.

லேபிள் வேண்டுமே. லேபிள் இல்லாத பாட்டிலைப் பார்த்தால் ஜனங்கள் கள்ளச்சாராயம் மாதிரி நினைப்பார்கள். விண்ணரசியின் ஜாம் லேபிள் ஒரு கட்டு இருந்தது. அதில் 'ஜாம்' என்று இருந்த இடத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒட்டினேன். ஜாம் இல்லாததை ஜாம் என்று எழுதிக் கொடுத்தால் பொய்யாகிவிடும் இல்லையா? பொய்க்கு எனக்கு ரொம்பப் பயம்.

காட் ரோடு செக்போஸ்ட் இன்னும் வரவில்லை, இல்லையா? வந்தால் சொல்லுங்கள், நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். அங்கேதான் நடந்தது.

கரூர்க்காரப் பிள்ளைகள். கல்யாணமாகிப் பன்னிரண்டு நாள். ரத்தினவேல் கடையில் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். மேலே குளிர், கீழே வர வர வெக்கை. செக்போஸ்ட்டில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு மாப்பிள்ளை டீ வாங்கப் போயிருக்கிறான். அந்தப் பெண் காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்திருக்கிறாள். அவ்வளவுதான். இடது கண் போய்விட்டது. டாக்டர் எடுத்தே விட்டாராம். அவளுக்காகத் தினமும் ஒரு ஜெபமாலை தனியாகச் சொல்கிறேன், ஒருநாளும் விட்டதில்லை.

உடைந்த கண்ணாடியில் லேபிள் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ரோஜாக்கொடி, பதினாலு நம்பர், விண்ணரசி பெயர். ரத்தினவேலைக் கேட்டதற்கு, "எனக்கென்ன சார் தெரியும், நான் ஜாம் வாங்கறவன். பேருதான் அதுலயே இருக்கே" என்றிருக்கிறார்.

ஜூன் ஐந்தாம் தேதி காலையில் ஜீப் வந்தது. ஒரு பெண் இன்ஸ்பெக்டர், நாலு போலீஸ். நான் முன்னறையில் மாதா பீடத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். ஜெபமாலையில் துக்க தேவரகசியம், மூன்றாவது பத்து.

"இங்க விண்ணரசி யாரு?"

"நான்தான் மேடம்."

"இந்த லேபிள் உன்னுதா?"

"என்னுதுதான்."

"சரக்கு யாரு போட்டது?"

விண்ணரசி திரும்பி என்னைப் பார்த்தாள். முதுகுப் பக்கமாகத்தான் நின்றாள், ஆனாலும் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து மணியில் ஆறு உருட்டியிருந்தேன். நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தது. மீதி நாலையும் சொல்லி முடித்தேன். கொஞ்சம் நிதானமாகத்தான் சொன்னேன். முடித்துத் திரும்புவதற்குள், "நான்தான் மேடம் போட்டேன். அவங்களுக்குச் சர்க்கரை இருக்கு, அவங்களை ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அவளாகச் சொன்னாள். நான் சொல்லச் சொல்லவில்லை. அதை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே விறகு அறையில் இருந்ததை எல்லாம் எடுத்துப்போனார்கள். பீடத்துத் துணியை மட்டும் யாரும் தூக்கவில்லை. அந்த இன்ஸ்பெக்டரும் நம் வேதம்தான் போல, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தது. துணிக்குள்ளே பதினெட்டுப் பாட்டில் இருந்தது. மாதாதான் காப்பாற்றினாள்.

இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. அதை எப்படிச் சொல்வது உங்களுக்கு? ஜெபமாலைக்கு உட்கார்ந்தால் துணிக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறது. பெரிய சத்தம் இல்லை. தகரம் விறைக்கிற சத்தம், டிக் என்று ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. போன ஞாயிறு நாங்கள் பூசைக்குப் போயிருந்தபோது ஒன்று வெடித்திருக்கிறது. வந்து பார்த்தால் பீடம் முழுக்கச் சிவப்பாக வழிந்து கிடக்கிறது. மாதா சுரூபத்தின் முகத்தில் கண்ணாடி கீறியிருக்கிறது. இடது கண்ணுக்குக் கீழே. பெர்னார்டு சுவருக்குப் பூசுகிற பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்தான். நிறம் சேரவில்லை. மீதியைத் திறக்கலாம் என்றால் கை வைக்கப் பயம். அந்த அறையைச் சாத்திவிட்டோம். நான் இப்போது வாசலில் நின்று ஜெபிக்கிறேன்.

ஜெயிலில் பெர்னார்டு அவளைப் பார்த்துவிட்டு வந்தான். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அம்மா மாத்திரை போடறாங்களான்னு கேட்டா. மீதி பாட்டில் ஏதாவது இருந்தா யாரும் கிட்ட போகாதீங்க, தூரமா நின்னு தண்ணி பீச்சி அடிச்சுக் குளிர வெச்சு, மூடி மேல ஈரச்சாக்கு போட்டு மெதுவா திறங்கன்னா" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லையா என்றேன். "அம்மா எப்ப வந்து சொல்வாங்கன்னு கேட்டா."

நான் என்ன சொல்வது? எனக்கு அறுபத்து மூன்று வயது. சர்க்கரை, கால் மரத்துப்போகிறது. அங்கே தரையில்தான் படுக்க வேண்டுமாம். அவள் சின்னப் பெண், தாங்குவாள். மஸ்கட்டில் இருக்கிற என் மகளும் போனில் அதையேதான் சொல்கிறாள்.

இரண்டு தடவை ஜாமீன் கேட்டும் கொடுக்கவில்லை. கண் போன கேஸ் என்று தள்ளிவிட்டார்கள். இப்போது அக்கம்பக்கத்தில் யாரோ வாயைத் திறந்திருக்கிறார்கள், ஜாடி போடுவது கிழவிதான், மருமகள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று. அதனால் இன்றைக்கு என்னை வரச்சொல்லியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டரே போன் பண்ணி, "வாங்கம்மா, உண்மையைச் சொல்லுங்க, அந்தப் பொண்ணு வெளிய வந்துடும்" என்றது. மரியாதையாகத்தான் பேசியது.

அதற்காகத்தான் வக்கீல் ஒரு காகிதம் தயார் பண்ணிக் கொடுத்திருக்கிறார். நான் வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லையாம். இதில் கையெழுத்துப் போட்டு நீட்டினால் போதுமாம். வாயைத் திறக்காவிட்டால் பொய்யே வராது. நான் அப்படித்தான் யோசித்தேன்.

எனக்குச் சட்டத் தமிழ் புரியாது. ஒரு தடவை படித்துக் காட்டுங்களேன். இந்தப் பத்தியிலிருந்து. கொஞ்சம் சத்தமாக, பஸ் இரைச்சலில் கேட்கவில்லை.

'...மேற்படி விண்ணரசி என்பவர் எனக்குத் தெரியாமல் மதுபானம் தயாரித்து விற்பனை செய்து வந்ததும், நான் அவரைப் பலமுறை கண்டித்தும் அவர் கேளாததும்...'

அந்த வரி. இன்னொரு தடவை. 'பலமுறை கண்டித்தும்.'

அவள்தானே என்னைக் கண்டித்தாள்.

இருக்கட்டும். வக்கீலுக்குத் தெரியாததா? எழுதியது அவர். நான் எழுதவில்லை. கீழே என் பெயர் மட்டும்தான் என்னுடையது.

இதில் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். ஒன்று பெர்னார்டின் ஓட்டல் மேனேஜர் போட்டுவிட்டார். இன்னொன்றுக்கு எங்கள் கோயில் உபதேசியாரிடம் போனேன். என் கல்யாணத்துக்கே சாட்சி நின்றவர். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். படித்துவிட்டு மடித்து என் கையில் வைத்து, "போயிட்டு வாங்கம்மா" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். டீ வைக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கு வரை காரணம் தெரியவில்லை. உறவுக்காரர் போடக் கூடாது, வெளியாள் வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். முன்னால் கண்டக்டர் சீட்டுக்குப் பின்னால் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நம்மையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறானே, அவன்தான் பெர்னார்டு. அவன்தான் உங்களைக் காட்டினான். "படிச்ச புள்ள மாதிரி இருக்கும்மா, போய்ப் பக்கத்துல உக்காரு" என்றான்.

'மேற்கண்டவை அனைத்தும் உண்மை என நான் அறிவேன்' என்று இருக்கும், அதற்கு நேராக. பெயரும் ஊரும் எழுதினால் போதும். ஒன்றும் சொல்லாமல் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கலாம். பெர்னார்டு அப்படித்தான் செய்யச் சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. முன்பின் தெரியாத பிள்ளையை ஏமாற்றக் கூடாது, எல்லாம் தெரிந்துகொண்டுதான் போடட்டும் என்றுதான் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். இதோ பேனா.

ஏம்மா எழுந்திருக்கிறீர்கள்? திண்டுக்கல் என்றீர்களே. இது வெறும் செக்போஸ்ட், இங்கே என்ன இருக்கிறது இறங்க? அந்தக் காகிதத்தை மட்டும் கொடுங்கள், கசங்கிவிடப் போகிறது. நல்லது. மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும், நான் கோபப்படவில்லை.

பெர்னார்டு, இந்தப் பக்கம் வந்து உட்காருடா. ஒண்ணும் ஆயிடல. வத்தலக்குண்டுல கூட்டம் ஏறும், அதுல யாராவது ஒருத்தர் கிடைப்பாங்க.